ஐந்து அங்குலக் குழாய்

டிசம்பர் 2

தம்பிக்கு,

இனிமேல் போன் செய்யாதே என்று சொல்லத்தான் பேப்பரை எடுத்தேன். நேற்று நீ அடித்தபோதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் தேற்ற வேண்டும். உனக்கு மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து அதைத்தான் செய்கிறேன். இந்த முறை என்னால் முடியாது. சொல்ல வேண்டியதை எழுது.

உன் அண்ணனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. பக்கத்துப் படகுக்காரர்கள் சிலர் வந்தார்கள், படகுத்துறை மேனேஜர் வந்தார், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கூடப்பிறந்தவன் வரவில்லை. கப்பல் கடலில் இருந்தது, இன்ஜின் சோதனை முடியாமல் இறங்க விடவில்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். நம்புகிறேன். நம்பினாலும் மனசு ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கதவைத் திறக்கவில்லை என்று பக்கத்துப் படகுக்காரர் தட்டியிருக்கிறார். மேனேஜர் வந்து கதவை உடைத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். நான் போனபோது தூங்குகிற மாதிரியே கிடந்தார். கன்னமெல்லாம் சிவந்து, இந்த ஒரு வருஷத்தில் அவர் முகம் அவ்வளவு நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. 

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கதவின் அடியில் போர்வையைச் சுருட்டி அடைத்திருந்தது. நீ மாட்டிக் கொடுத்த அந்த வாயு அலாரம் மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. அதன் பேட்டரி ரேடியோவில் இருந்தது. ஆபத்து வந்தால் எழுப்புவதற்கென்று இருக்கிற ஒரே பொருளின் பேட்டரியை யார் கழற்றுவார்கள்? எழுந்திருக்க விரும்பாதவன்தான் கழற்றுவான்.

உனக்குத் தெரியும். இழுவைப் படகு வேலை போனதிலிருந்து அவர் பழைய மனிதர் இல்லை. வீட்டைக் காலி செய்து, இந்தப் பழைய படகை வாங்கி, பெண்டாட்டியை ஊர்க் கிழவர்களின் படுக்கை விரிப்பைத் துவைக்க அனுப்பிவிட்டு, ஓடாத படகில் கேப்டன் மாதிரி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை நான் போனேன். சண்டை போட்டோம். ராத்திரியே நான் தங்குகிற முதியோர் இல்லத்துக்குத் திரும்பிவிட்டேன். திங்கள் இரவு அவர் போய்விட்டார்.

அந்த அடுப்பை வைத்தவன் நீ. உனக்குத்தான் தெரியும். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அவரே செய்துகொண்டாரா, இல்லை உன் அடுப்பு செய்ததா? இது தெரியாமல் எனக்குக் கண் மூட முடியவில்லை. சமாதானம் சொல்லாதே. பதில் சொல்.

அண்ணி

———

டிசம்பர் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கப்பல் கரைக்கு வந்த அன்று கிடைத்தது. நீங்கள் திட்டினது போதாது. இன்னும் திட்டுங்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அண்ணன் தானாகச் சாகவில்லை.

முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீங்கள் வேலைக்குப் போயிருந்த நாட்களில்தான் அதை வைத்தேன், அதனால் எப்படி வைத்தேன் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தரையில் இரும்புத் தட்டு போட்டு, அடுப்பின் நாலு காலையும் போல்ட் அடித்து இறுக்கினேன். பெரிய படகு பக்கத்தில் போனால் அலையடிக்கும், கனன்றுகொண்டிருக்கும் அடுப்பு கையகலம்கூட நகரக் கூடாது. பின்னால் மரச்சுவர் சூடேறாமல் இருக்க, இடைவெளி விட்டுத் தகடு அடித்தேன். டீசல் தொட்டியை அடுப்பைவிட உயரத்தில் வைத்தேன், மோட்டார் இல்லாமல் தானாகச் சொட்டும். தொட்டிக் குழாயின் திருகைக் கதவுப் பக்கம் கொண்டுவந்தேன். ஏதாவது ஆனால் நெருப்பைத் தாண்டிப் போகாமல் வாசலிலேயே எண்ணெயை நிறுத்த வேண்டும் இல்லையா. ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது அண்ணனைக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். அவன் உட்கார்ந்தால் படகு அந்தப் பக்கம் சாயும், அடுப்புக்கு எண்ணெய் சரியாக இறங்காது. “என் எடைக்கு ஏத்த மாதிரி அடுப்பு வைக்கிற ஒரே ஆள் நீதான்டா” என்று சிரித்தான்.

புகைக்குழாய் ஐந்து அங்குலம். அடுப்பிலிருந்து கூரைக்கு மேலே தொப்பி வரை எல்லாம் ஐந்து அங்குலம், ஒரு வளைவுகூடக் கிடையாது. ஒவ்வொரு இணைப்பையும் நானே அளந்தேன். அந்தக் குழாயில் தப்பு வர வழியில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் கை வைத்துச் சொல்வேன்.

போர்வையைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் போன குளிரிலும் கதவடியில் போர்வை அடைத்துத்தான் தூங்கினான். நான் திட்டியிருக்கிறேன், கேட்கமாட்டான். ஆனால் போர்வையால் மட்டும் ஆள் சாகமாட்டான், காற்றுக்கு நான் வேறு வழியும் விட்டு வைத்திருக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே படுத்து எழுந்தானே.

அலாரத்தைப் பற்றி அவனே எனக்குப் போன் செய்தான், நீங்கள் வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு வருஷம் வாயைத் திறக்காத அலாரம் நேற்றிலிருந்து சும்மா சும்மா கத்துகிறது, கதவைத் திறந்தால் அடங்குகிறது என்றான். கழற்றாதே, மாத முடிவில் வந்து பார்க்கிறேன் என்றேன். அவனுக்குத் தூக்கம் கெட்டிருக்கும், கழற்றிவிட்டான். அவ்வளவுதான்.

இன்னொன்று சொன்னான். “அடுத்த சனிக்கிழமை உங்க அண்ணி வரட்டும், பக்குவமாப் பேசி எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்.” உங்கள் சண்டையைச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். சாகப்போகிறவன் அடுத்த சனிக்கிழமைக்கு வேலை வைத்துக்கொள்வானா, அண்ணி?

அப்புறம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
சின்னவன்

———

டிசம்பர் 15

தம்பிக்கு,

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழாயில் தப்பில்லை, போர்வையில் தப்பில்லை, அலாரம் சும்மா கத்தியது. எல்லாம் சரியாக இருந்திருக்கிறது, ஆள்தான் இல்லை. நன்றாக இருக்கிறது உன் பதில்.

துறைமுக இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் படித்துக் காட்டினார். காற்றோட்டம் போதவில்லை, கதவின் அடியில் போர்வை அடைத்திருந்தது. அந்த மனுஷன் மழைக்குப் பயந்து குடையை மடக்காமலே தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுப் போனவர். அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. போர்வை. போர்வையை அடைத்தது யார்? உன் அண்ணன். அப்படியானால் என்ன அர்த்தம்?

அடுத்த சனிக்கிழமையைப் பற்றிப் பேசினார் என்கிறாய். உன்னிடம் வேறு என்ன சொல்வார்? தம்பி, நான் திங்கட்கிழமை போகப்போகிறேன் என்றா சொல்வார்? உங்கள் குடும்பத்தில் யாருமே மனசில் இருப்பதை வாய் திறந்து சொன்னதில்லை. நீயும் அப்படித்தான்.

அடுப்பையும் குழாயையும் துறைக்காரர்கள் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். பழைய இரும்பு வாங்குகிறவன் போன வாரம் எடுத்துப் போய்விட்டான். இனி யாரும் எதையும் அளந்து பார்க்க முடியாது. நல்லதோ கெட்டதோ, அந்த அத்தியாயம் முடிந்தது.

இல்லத்தில் வேலைக்காரர்கள் நாங்கள் தங்கியிருக்கிற அறைகளை நோயாளிகளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஜனவரி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். எனக்குப் போக இடம் எது? அந்தப் படகுதான். அவர் கிடந்த கட்டிலில்தான் நானும் கிடக்க வேண்டும். உன்னிடம் வந்து தங்கச் சொல்லி எழுதாதே. ஆறு பேர் படுக்கிற அறையில் ஏழாவதாக என்னை எங்கே வைப்பாய், அலமாரியிலா?

அடுப்பில்லாமல் அங்கே ஒரு ராத்திரி இருக்க முடியாது. சுவரில் உள்பக்கம் ஈரம் உறைந்து பளபளக்கிறது. வேறு அடுப்பு வைக்க வேண்டும். எப்படி வைப்பது என்று எழுது. உன்னை வரச் சொல்லவில்லை. எழுது என்றுதான் சொல்கிறேன்.

அண்ணி

———

டிசம்பர் 21

அண்ணிக்கு,

படகு வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். நான் தனியாக ஓர் அறை பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். கேட்காமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

படகுக்கென்று செய்த டீசல் அடுப்பைத்தான் வாங்க வேண்டும். வீட்டுக்குச் செய்ததை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நான் முன்பு எழுதினபடி கால்களுக்கு போல்ட், பின்னால் தகடு, வாசல் பக்கம் திருகு. பொருத்த வருகிறவர் ரசமட்டம் கொண்டுவராவிட்டால் அவரையும் அனுப்பிவிடுங்கள். பற்றவைக்கும்போது திருகைக் கொஞ்சமாகத் திறந்து, அடுப்புக்குள் எண்ணெய் எரிகிற சட்டியின் அடி லேசாக நனைந்ததும் மூடி, காகிதத்தைப் பற்றவைத்துப் போடுங்கள். பிடித்துக்கொண்ட பிறகு மெதுவாகத் திறங்கள். பாதியில் அணைந்துவிட்டால் உடனே மறுபடி பற்றவைக்கவே கூடாது. சூட்டில் எண்ணெய் ஆவியாகி நிற்கும், குப்பென்று முகத்துக்கு வரும். முழுக்க ஆறட்டும், சட்டியைத் துடையுங்கள், குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். தீ மஞ்சளாகச் சோம்பலாக ஆடினால், அடுப்புக் கதவின் கண்ணாடியில் கரி படிந்தால், அடுப்புக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். நாம் மூச்சு விடுகிற காற்றைத்தான் அதுவும் தின்கிறது. அதற்குப் போதவில்லை என்றால் நமக்கும் போதாது.

முன்பு சொன்ன அந்தக் காற்று வழியை மட்டும் வேறு யார் கையிலும் விடமாட்டேன். கப்பல் கட்டும் யார்டில் இப்போதைய வேலை முடிந்ததும் நானே வந்து பார்க்கிறேன். அதுவரை பற்றவைக்காதீர்கள்.

உங்கள் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. போன குளிரிலும் அதே அடுப்பு, அதே போர்வை, அதே ஆள். ஒன்றும் ஆகவில்லை. இந்தக் குளிரில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அலாரம் கத்த ஆரம்பித்தது நீங்கள் போன அந்தச் சனிக்கிழமை. அன்றைக்கு அங்கே என்ன நடந்தது? சண்டையைக் கேட்கவில்லை, அது உங்கள் விஷயம். அவன் எதையாவது இடம் மாற்றினானா, புதிதாக எதையாவது வாங்கினானா, டீசல் வேறு கடையில் பிடித்தானா? சின்ன விஷயம் என்று எதையும் விடாதீர்கள்.

அவன் சாகத் துணிந்தவன் இல்லை என்று உங்களுக்கு நிரூபித்துக் காட்டுகிறேன். அதற்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள்
சின்னவன்

———

டிசம்பர் 29

தம்பிக்கு,

நீ கேட்டதால் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சீக்கிரமே போய்விட்டேன். அவர் டீசல் பிடிக்கப் போயிருந்தார், எப்போதும் வாங்குகிற அதே இடம்தான். எதையும் இடம் மாற்றவில்லை, எதையும் வாங்கவில்லை. வாங்க என்ன இருந்தது?

கட்டிலைப் பார்த்தேன். தலையணை நனைந்திருந்தது. கூரையில் பழைய சொந்தக்காரன் காலத்துப் பித்தளைக் குமிழ் ஒன்று ஓட்டை ஓட்டையாக இருக்குமே, நேராகக் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே. அதன் வழியாகச் சாரல் இறங்கி அவர் முகத்தில் சொட்டும், பனி நாளில் ஊதக்காற்று வேறு ஊதும். போன வருஷம் முழுக்க அதற்கு ஒரு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டுச் சமாளித்தார். எனக்கு அன்று என்னவோ ஆகிவிட்டது. அந்தப் படகை நான் சபிக்காத நாள் இல்லை, ஒரு நாள்கூட அதைப் பெருக்கியதில்லை என்று உனக்கே தெரியும். இருந்தாலும் இந்த மனுஷன் முகத்தில் தண்ணீர் சொட்டத் தூங்குகிறாரே என்று தோன்றியது. இல்லத்திலிருந்து கிழிந்த தார்ப்பாய் ஒன்று கொண்டுவந்திருந்தேன். அளவெடுத்து, ரெட்டை மடிப்பாக மடித்து, மெழுகு தேய்த்த நூலால் ஓர் உறை தைத்தேன். கூரை மேல் ஏறிக் குமிழுக்கு மாட்டி, சுருக்குக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். சொட்டு நின்றது. ஊதக்காற்றும் நின்றது. கட்டில் பக்கமே கதகதப்பாகிவிட்டது.

அவர் வந்ததும் காட்டினேன். மேலே பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் விடவில்லை. “இதையாவது குறை சொல்லாம இருங்க. நான் கட்டினதை அவுத்தீங்கன்னா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்றேன். கையிலிருந்த டீசல் கேனைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். “சரி, உன் இஷ்டம்” என்றார்.

தம்பி, கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. காப்பிக்குச் சர்க்கரை போடுவதிலிருந்து எதற்கும் எதிர்வாதம் பேசாமல் விடாத மனுஷன். அன்று ஒன்றும் பேசவில்லை. முடிவு எடுத்துவிட்டவன்தான் அப்படி விட்டுக்கொடுப்பான். அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

சாயங்காலம் ஒன்றாகச் சாப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உன் அலாரம் கத்த ஆரம்பித்தது. எனக்கு மண்டையைப் பிளந்தது. அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தார், குளிர் உள்ளே வந்தது. இந்தக் குளிருக்கும் கூச்சலுக்கும் நடுவில் வாழ்வதற்கு ஒரு பிச்சைக்காரன் வீடு மேல் என்றேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். உங்களைக் கட்டிக்கொண்டு என்ன கண்டேன் என்றும் கேட்டேன்.  நான் கிளம்பிவிட்டேன். படகுத்துறை விளக்கு வரை கூட வந்தார்.

அவ்வளவுதான் நடந்தது. மூடி மறைக்க ஒன்றுமில்லை. என் வாய்தான் அவரைக் கொன்றது என்று எனக்குத் தெரிகிறது. நீ வேறு மாதிரி நிரூபிக்க முடிந்தால் நிரூபி.

அடுப்பு வாங்கிவிட்டேன். சலவை அறைப் பெண் ஒருத்தியின் அண்ணன் பொருத்தித் தருகிறான். நீ வரும்வரை காத்திருக்க முடியாது.

அண்ணி

———

ஜனவரி 12

அண்ணிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

உங்கள் கடிதத்தைக் கப்பலின் அடிவயிற்றில், வெல்டிங் விளக்கு வெளிச்சத்தில் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூட வேலை செய்கிறவன் என்ன ஆயிற்று என்று கேட்டான். கண்ணில் தூசி என்றேன்.

இனி மறைக்க முடியாது. முன்பு நான் எழுதியது பொய். குழாய் முழுக்க ஐந்து அங்குலம் இல்லை. கூரைக்கு மேலே போகிற துண்டு நாலு அங்குலம். அன்று என்னிடம் ஐந்து அங்குலம் தீர்ந்துவிட்டது. வாங்கி வர ஒரு நாள் ஆகும், எனக்கு யார்டுக்குத் திரும்ப வேண்டிய அவசரம். கிடைத்த துண்டை மாட்டி, இணைப்பைச் சிமெண்டு பூசி, கருப்புப் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டேன். அண்ணனுக்குத் தெரியாது. அப்படிக் குறுகின குழாயில் காலம் போகப் போகக் கரி படியும், புகை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே திரும்பும். போன குளிரில் புதுக் குழாய், தாங்கியது. இந்தக் குளிரில் தாங்கவில்லை. அலாரம் சும்மா கத்தவில்லை, அது உண்மையைத்தான் கத்தியது. நான்தான் மாத முடிவில் பார்க்கலாம் என்றேன்.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். அவன் செய்துகொள்ளவில்லை. உங்கள் வாயும் எதையும் செய்யவில்லை. நான் செய்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அவனைத் தெரியும், சொல்கிறேன் கேளுங்கள். நீங்கள் அந்தப் படகுக்காக முதல்முறையாக ஊசி எடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தவனுக்கு வாதம் பேச மனசு வரவில்லை. அவ்வளவு பிரியம் உங்கள் மேல். அதனால்தான் விட்டுக்கொடுத்தான். சாகிற எண்ணம் அவனுக்குக் கடுகளவும் இல்லை. இதை மட்டும் சந்தேகப்படாதீர்கள், நான் சொன்ன வேறு எதையும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது புது அடுப்பு. நான் எழுதுவதைப் பொருத்துகிறவனிடம் காட்டுங்கள். எங்கள் யார்டில் இந்த மாதம் முதல் எல்லாப் படகுக்கும் புது விதி போட்டிருக்கிறார்கள். கதவின் அடிப்பகுதியை ஒரு கையகலம் அறுத்துக் கம்பி வலை அடிக்க வேண்டும். போர்வை அடைக்க முடியாத உயரத்தில் இன்னொன்று பக்கச் சுவரில். அலாரம் இரண்டு வேண்டும், பேட்டரி கழற்ற முடியாதபடி மூடியிட்ட வகை. கத்தினால் ஏன் என்று கேட்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கூரை மேல் துணி, தார்ப்பாய், கயிறு எதுவும் இருக்கக் கூடாது. புதுக் குழாய் பழையதைவிடச் சூடாகும், பக்கத்தில் தார்ப்பாய் இருந்தால் பற்றிக்கொள்ளும். நீங்கள் தைத்த உறை நல்ல உறைதான். ஆனால் நெருப்புக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அதை அவிழ்த்துவிடுங்கள். மறுபடி கட்டாதீர்கள். சொட்டினால் கட்டிலை எதிர்ப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். அவிழ்த்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள், அண்ணி. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

சின்னவன்

———

ஜனவரி 20

ஐயா,

உன் கடிதம் வந்தது.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். தார்ப்பாய் உறையை அவிழ்த்தாயிற்று. கதவை அறுத்தாயிற்று. வலை அடித்தாயிற்று. சுவரிலும் ஓட்டை போட்டாயிற்று. அலாரம் இரண்டு மாட்டியிருக்கிறது. உன் விதியெல்லாம் நடந்துவிட்டது, நீ வயிறு முட்டச் சாப்பிடலாம்.

கூடப்பிறந்தவனை ஒரு குழாய்த் துண்டுக்காகக் கொன்றிருக்கிறாய். ஒரு நாள் பொறுத்திருந்தால் ஐந்து அங்குலக் குழாய் வந்திருக்கும். ஒரே ஒரு நாள். அதைக்கூட மன்னிப்பேன், அவசரக்காரன் என்று தெரிந்துதானே வளர்த்தேன். ஆனால் அவர் போன பிறகும், நான் ராத்திரி பகலாகச் சாகிறேன் என்று எழுதிய பிறகும், எங்கே வேண்டுமானாலும் கை வைத்துச் சொல்வேன் என்று எழுதினாயே. ஒவ்வொரு இணைப்பையும் நானே அளந்தேன் என்று எழுதினாயே. அவரே செய்துகொண்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்த அத்தனை நாளும் உனக்கு உண்மை தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். அதை என்னால் மன்னிக்க முடியாது.

மாமியார் சாகும்போது உன் கையைப் பிடித்து என் கையில் கொடுத்தார். உனக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயசு. எனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை, இவன் இருக்கிறானே என்று நானும் உன் அண்ணனும் பேசிக்கொள்வோம். வேலை கற்றுக்கொள்ள உன்னை அனுப்பின அன்று என் வளையலை விற்றது உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த வேலையைக் கற்றுக்கொண்டுதான் அவரைக் கொன்றாய்.

போலீசுக்குப் போகமாட்டேன். மேனேஜரிடமும் சொல்லவில்லை. உன் வேலையில் மண்ணள்ளிப் போட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

அவர் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. என்னை விட்டுப் போக முடிவு செய்த மனுஷனுக்காக எப்படி அழுவது? உன் கடிதத்தைப் படித்த அன்று அழுதேன். அவர் என்னை விட்டுப் போகவில்லை. என் வாய் அவரைக் கொல்லவில்லை. நான் கடைசியாக அவருக்குச் செய்தது, முகத்தில் தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொண்டதுதான். அதை நினைத்துக்கொண்டு படுத்தேன். வெயில் ஏறின பிறகுதான் எழுந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு தூங்கினேன்.

பதில் கொடுத்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி எழுதாதே. பணம் அனுப்பாதே. இந்தத் துறைப் பக்கம் காலெடுத்து வைக்காதே. நான் செத்தேன் என்று செய்தி வந்தாலும் வராதே.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி